வாணிபமா? தரகா?

உலகில் மனிதனாகப் பிறந்தோர் யாவரும் ஏதேனுமொரு தொழிலைச் செய்தே வாழ வேண்டியவர்களாயிருக்கின்றனர். முன்னாளில் நம் மக்களுக்குத் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் கவலையே இருந்ததில்லை. தந்தை எத்தொழிலோ மகனும் அத்தொழிலே என்று பிறப்பே விதித்துவிட்டது. அவ்விதியை உடைத்தெறிய எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் பாடுபட்டனர் என்பதை இவ்வேட்டின் வாசகர்கட்கு நாம் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. அப்பாட்டின் பயனாக, இன்று கல்லூரியை விட்டு வெளிவரும் நம் இளைஞரும் யுவதியரும் 'இது செய்வோமா, அது செய்வோமா' என்று நின்று எண்ணும் நிலை ஏற்பட்டிருக்கிறது. இது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதே. ஆனால் உரிமை வந்த இடத்தில் பொறுப்பும் வந்து நிற்கிறது. பிறப்பு விதித்த தொழிலில் பிழையிருந்தால் பழியைப் பிறப்பின் மேல் போட்டுவிடலாம். தானே தேர்ந்துகொண்ட தொழிலிலுள்ள பிழைக்கோ தானே விடை சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கணிதமும் கணக்கியலும் பொருளாதாரமும் கற்றுத் தேறிய நம் பிள்ளைகள் பலர் இப்பொழுது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. பணச் சந்தையில் வாணிபம் செய்வோராகப் புகுவதா, அன்றித் தரகராகப் புகுவதா என்பதே அது. பெற்றோர் இதற்கு எளிதாக விடை கூறிவிடுகின்றனர். எதில் சம்பளம் அதிகமோ அதில் சேர் என்பார் சிலர். எதில் அபாயம் குறைவோ அதில் சேர் என்பார் வேறு சிலர். இன்னும் சிலர் சாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். இக்கடைசிக் கூட்டத்தாரோடு நமக்கு வாதமில்லை. கோள்களுக்கு நாளைய ரப்பர் விலை தெரியுமாயின், அதை நமக்கு எடுத்துச் சொல்லும் சோதிடர் ஐந்து வெள்ளி தட்சிணைக்காகப் பாய் விரித்துக் காத்திருக்க மாட்டார். முன்னிரு விடைகளும் உலகியலுக்குப் பொருந்தியவையே. எனினும் அவை கேள்வியின் பாதியைத்தான் தொடுகின்றன. ஒரு தொழில் நமக்கு என்ன தரும் என்பது ஒரு பாதி. அத்தொழில் நம்மை எத்தகைய மனிதராக ஆக்கும், அதனால் பிறர்க்கு என்ன நேரும் என்பது மறுபாதி. அம்மறுபாதியையே நாம் ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

இரண்டின் இயல்பு

முதலில் இரண்டுக்குமுள்ள வேற்றுமையைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். வாணிபம் செய்வோன், தன் பணத்தைக் கொண்டோ தன்னை அமர்த்திய வங்கியின் பணத்தைக் கொண்டோ ஒரு பொருளை வாங்குகிறான். அது ரப்பராயிருக்கலாம், ஈயமாயிருக்கலாம், அயல்நாட்டு நாணயமாகவோ கம்பெனிப் பங்காகவோ இருக்கலாம். அப்பொருள் அவன் கையிலிருக்கும்வரை அதன் விலையும் அவன் தலைமேலிருக்கிறது. ஏறினால் இலாபம், இறங்கினால் நஷ்டம். கையில் இல்லாத பொருளை முதலில் விற்றுவிட்டுப் பின்னர் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. அப்பொழுது கணக்குத் தலைகீழாகும்.

தரகனோ பொருளை வைத்துக்கொள்வதில்லை. வாங்க விரும்புவோனையும் விற்க விரும்புவோனையும் சேர்த்து வைத்து, அச்சேவைக்குக் கூலியாகத் தரகு பெறுகிறான். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவனுக்கு ஒன்றே. பேரம் முடிந்தால் போதும்.

ஆகவே முன்னவனது முதல் அவனுடைய தீர்மானம். பின்னவனது முதல் பிறர் அவன்மேல் வைத்த நம்பிக்கை. முன்னவன் தனிமையில் அமர்ந்து, தன் கருத்து பிழையாகிவிட்டதா என்று ஒவ்வொரு மணியும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவன். பின்னவன் பலரோடு பழகி, அவரவர் தேவையை அறிந்து, வாக்குத் தவறாது நடக்க வேண்டியவன். கூச்சலிட்டு விலைபேசிய பழைய சந்தைத் தளங்கள் மறைந்து, கணினியே பேரங்களைப் பொருத்தி வைக்கும் காலம் வந்த பின்னரும் இவ்வேற்றுமை மாறவில்லை. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு குறைந்தபட்சத் தரகு விதி நீக்கப்பட்டது முதல் தரகுக் கூலி சுருங்கி வந்திருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், ஒருவன் தன் கருத்தை விற்று வாழ்கிறான், மற்றொருவன் தன் சொல்லை விற்று வாழ்கிறான் என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

வாணிபம் சூதாட்டமா?

வாணிபத்தின் மேல் சாட்டப்படும் பெருங்குற்றம், அது சூதாட்டம் என்பது. நம் வீட்டுப் பெரியோர் பலர் இதைச் சொல்லியே பிள்ளைகளைத் தடுக்கின்றனர். இக்குற்றச்சாட்டை நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. சூதாடி, இல்லாத அபாயத்தை உண்டாக்குகிறான். தாயக்கட்டை உருளாவிடின் உலகில் எவருக்கும் நஷ்டமில்லை. ரப்பர் விலையின் ஏற்றத்தாழ்வோ எவர் பணம் போட்டாலும் போடாவிட்டாலும் இருந்தே தீரும். ஆறு மாதம் கழித்து ரப்பர் வேண்டியிருக்கும் டயர்த் தொழிற்சாலைக்காரன் விலை ஏறிவிடுமோ என்று அஞ்சுகிறான். ஆறு மாதம் கழித்து விற்க வேண்டிய தோட்டக்காரன் விலை இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறான். இருவர் அச்சமும் ஒரே நாளில் ஒரே அளவில் சந்திப்பதில்லை. இடையில் ஒருவன் நின்று, 'உன் அபாயத்தை நான் ஏற்கிறேன்' என்று சொன்னால்தான் இருவரும் நிம்மதியாகத் தம் வேலையைப் பார்க்க இயலும். இன்று உலக ரப்பர் வாணிபத்தில் விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் முன்பேர ஒப்பந்தங்களுள் ஒன்று சிங்கப்பூர்ச் சந்தையிலேயே நடைபெறுகிறது. அதில் அபாயத்தை ஏற்று நிற்போன் ஒரு சேவையே செய்கிறான்.

அப்படியாயின் வாணிபம் எப்பொழுது சூதாகிறது? ஏற்பவன் வேறு, இழப்பவன் வேறு என்று ஆகும்பொழுதே என்பது நமது கருத்து. முற்காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கிகளில் பெட்டியடிகளின் முன் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த செட்டியார்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வாங்கிய வட்டியைப் பற்றி நமக்குக் குறை உண்டு. அதை வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம். ஆனால் அங்கே முதலாளியின் சொந்த முதலும் குடும்பத்தின் பெயரும் ஒவ்வொரு ஏட்டுக் கணக்கிலும் நின்றன. கொடுத்த கடன் மூழ்கினால் மூழ்குவது தன் வீடே என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றைய சம்பள வாணிபனின் நிலை அவ்வாறன்று. இலாபம் வந்த ஆண்டில் அவனுக்குப் பெரும் வெகுமதி உண்டு. நஷ்டம் வந்த ஆண்டில் அவன் வெகுமதியை இழப்பான், மிஞ்சினால் வேலையை இழப்பான். அவன் சென்ற ஆண்டு பெற்ற வெகுமதியைத் திருப்பிக் கேட்பது அரிது. எஞ்சிய நஷ்டம் பங்குதாரர் தலையிலும், வைப்பாளர் தலையிலும், சில வேளைகளில் வரி கட்டும் பொதுமக்கள் தலையிலும் விழுகிறது. விழுந்தால் பிறருக்கு, எழுந்தால் தனக்கு என்று வகுக்கப்பட்ட ஆட்டத்தில், நல்லவனுங்கூட நாளடைவில் அளவு மீறத் தூண்டப்படுகிறான்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. 1762-இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற பேரிங்ஸ் வங்கி 1995-இல் வீழ்ந்தது சிங்கப்பூரில் நடந்த வாணிபத்தினாலேயே. அவ்வங்கியின் சார்பாக 1992-இல் இங்கு வந்த நிக் லீசன் என்பவர், வாடிக்கைக்காரர் உத்தரவுகளை நிறைவேற்றும் தரகு வேலையும் பார்த்தார்; வங்கியின் பணத்தைக் கொண்டு வாணிபமும் செய்தார்; அப்பேரங்களைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் பிரிவும் அவர் கையிலேயே விடப்பட்டிருந்தது. 88888 என்ற எண்ணிட்ட பிழைக்கணக்கொன்றில் நஷ்டங்கள் ஒளிக்கப்பட்டன. தமக்குக் கீழிருந்த ஊழியரது சிறு பிழையொன்றை மறைக்கவே அதை முதலில் பயன்படுத்தியதாக அவர் பிற்காலத்தில் கூறினார். சிறு மறைப்பைக் காப்பாற்றப் பெரு மறைப்பு வேண்டியதாயிற்று. 1995 ஜனவரி 17-ஆம் நாள் ஜப்பானில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கிய பின் தோக்கியோ பங்கு விலைகள் சரிந்தபொழுது, அவர் பின்வாங்காது மேலும் மேலும் வாங்கினார். முடிவில் நஷ்டம் 82 கோடிப் பவுனைத் தாண்டிற்று. 233 ஆண்டு நின்ற வங்கி, ஒரே ஒரு பவுனுக்கு டச்சுக்காரர் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. அவருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரையாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதைக் கண்டோர் பலரும் பேராசையே காரணம் என்று கூறி முடித்துவிட்டனர். நாம் அவ்வளவில் நின்றுவிடுவதற்கில்லை. ஆசை எல்லாத் தொழிலிலும் உண்டு. அன்று மாலையே 'நான் தவறினேன், இவ்வளவு போயிற்று' என்று எழுதும் துணிவில்லாமையே அவ்வீழ்ச்சியின் வித்து. அத்துணிவு தேவைப்படாதவாறு ஒரு மனிதனை விட்டுவைத்த மேலாளர்களுடைய அலட்சியம் அவ்வித்துக்கு நீர்.

தரகு இழிவா?

இனித் தரகைப் பார்ப்போம். நம் மொழியில் 'தரகன்' என்ற சொல்லே ஓரளவு ஏளனம் கலந்தது. மாட்டுத் தரகு, கல்யாணத் தரகு என்று கேட்கும்பொழுதே நம் முகம் சுளிக்கிறது. சீர்திருத்தக் கொள்கையினரான நமக்கோ இன்னுமொரு காரணமுண்டு. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையே நின்று, இருவர் பேராலும் பேசி, தட்சிணை வாங்கும் புரோகிதத் தரகைக் கண்டித்தே நம் இயக்கம் வளர்ந்தது. ஆகவே தரகு என்றாலே தகாதது என்று நம்மவரிற் சிலர் கருதுவதில் வியப்பில்லை.

ஆனால் நிதானமாக எண்ணிப் பார்க்கின், நாம் கண்டித்தது இடையில் நிற்றலை அன்று. இடையில் நின்று மறைத்தலையே என்பது விளங்கும். புரோகிதன் மறுபுறத்தில் இருப்பதாகச் சொல்லப்படுபவரை எவரும் நேரிற் கண்டு விலை கேட்க முடியாது. அவன் சொன்னதே விலை. நல்ல தரகனோ இருபுறத்தாரையும் ஒருவர்க்கொருவர் தெரியுமாறு செய்கிறான். விற்பவன் என்ன கேட்கிறான், வாங்குபவன் என்ன தர முன்வருகிறான், தனக்குக் கூலி எவ்வளவு என்ற மூன்றையும் ஒளிக்காது வைக்கிறான். முன்னது திரை, பின்னது சாளரம். இரண்டும் சுவரில் உள்ள இடைவெளியில்தான் தொங்குகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்நாட்டுத் தமிழருக்குத் தரகின் இரு முகங்களும் வரலாற்றில் பழக்கமானவை. நம் முன்னோர் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்களல்லவா? கங்காணி யார்? தோட்டத் துரைக்கும் ஊரிலுள்ள ஏழைக்கும் இடையே நின்ற தரகனே. சொந்த ஊரான், சொந்தக்காரன் என்ற முகத்தைத் தொழிலாளிக்குக் காட்டினான். ஆள் சேர்த்ததற்குரிய கூலியையும், சேர்த்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசையும் தோட்டத்திடமிருந்து பெற்றான். கூட்டி வந்தவர்களின் நோயிலும் சாவிலும் துணைநின்ற நல்ல கங்காணிகளும் இருந்தனர், நாம் மறுக்கவில்லை. ஆயினும், எவனுடைய நம்பிக்கையை வைத்துப் பிழைத்தானோ அவனிடம் கூலி வாங்காமல், மறுபுறத்தில் கூலி வாங்கினான் என்பதே அம்முறையின் அடிப்படைக் கேடு. பயிற்சியில்லாத் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அழைத்து வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடைசெய்தபொழுதே அவ்வாள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

பங்குத் தரகனுக்கும் இதே சோதனை உண்டு. அவனுக்குக் கூலி பேரத்தின் அளவில் வருகிறது. வாடிக்கைக்காரனுக்கு நன்மை வருகிறதா என்பதன் அளவில் வருவதில்லை. பங்கை வாங்கிப் பத்தாண்டு வைத்திருக்கும் வாடிக்கைக்காரனால் தரகனுக்கு ஒரு முறைதான் கூலி. இன்று வாங்கி நாளை விற்று மறுநாள் மீண்டும் வாங்குவோனால் நாள்தோறும் கூலி. 'சும்மா இருங்கள், இப்பொழுது ஒன்றும் செய்ய வேண்டாம்' என்பதே பல வேளைகளில் நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனைக்கு எவரும் தரகு கொடுப்பதில்லை! இங்கேதான் தரகனது ஒழுக்கம் நாள்தோறும் உரைகல்லில் தேய்க்கப்படுகிறது.

தரகில் அபாயமே இல்லை என்ற எண்ணமும் முழு உண்மையன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ரெமிசியர் என வழங்கும் தரகுப் பிரதிநிதிகள், சம்பளமின்றித் தரகில் பங்கு பெற்று வாழ்பவர்கள். தம் வாடிக்கைக்காரன் வாங்கிய பங்குக்குப் பணம் கட்டாது போய்விட்டால் அந்நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டியவர்கள். அதற்கென ஈட்டுப் பணமும் கட்டி வைத்திருப்பவர்கள். ஆகவே பிறர் பேராசைக்குத் துணைபோகும் தரகன், அப்பேராசையின் நஷ்டத்துக்கும் ஒருநாள் பங்காளியாகலாம். இஃது ஓரளவு நியாயமான ஏற்பாடே என்று நாம் எண்ணுகிறோம்.

இரண்டும் ஒரே கையில்

வாணிபம், தரகு என்ற இரண்டும் தனித்தனியே நின்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறம் உண்டு. இரண்டும் ஒரே கையில் சேரும்பொழுதுதான் பெரும் ஆபத்து விளைகிறது. வாடிக்கைக்காரன் பெருந்தொகைக்கு வாங்கப் போகிறான் என்பதைத் தரகனாக அறிந்தவன், வாணிபனாகத் தனக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். தன் கையில் விலைபோகாது கிடக்கும் சரக்கை 'நல்ல பங்கு' என்று வாடிக்கைக்காரன் தலையில் கட்டலாம். இதற்காகவே இலண்டன் பங்குச் சந்தையில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. பொதுமக்களுக்காகப் பேரம் பேசும் தரகன் தன் கணக்கில் சரக்கு வைத்து விலை கூறலாகாது. சரக்கு வைத்து விலை கூறும் 'ஜாபர்' என்பவன் பொதுமக்களோடு நேரே பேரம் பேசலாகாது. 1986 அக்டோபர் 27-ஆம் நாள் அவ்விதி எடுக்கப்பட்டது. போட்டி பெருகிற்று, கூலி குறைந்தது என்பன அதன் நன்மைகள். எனினும், ஒரு மேசையின் இருபுறத்திலும் ஒருவனே அமரும் வழக்கம் அதன்பின் பரவிற்று. 2010-இல் அமெரிக்கா இயற்றிய நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில், வங்கிகள் தம் சொந்த இலாபத்துக்காக வாணிபம் செய்வதைத் தடுக்கும் வோல்க்கர் விதி சேர்க்கப்பட்டதும் இவ்வச்சம் பற்றியே.

நம் நாடுகளும் இப்பாடத்தை விலைகொடுத்தே கற்றன. 1985-ஆம் ஆண்டு இறுதியில் பான் எலெக்டிரிக் என்னும் சிங்கப்பூர்க் கம்பெனி கடனடைக்க இயலாது விழுந்தது. அதனைச் சார்ந்த பங்குகளைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்குவதாகச் செய்யப்பட்டிருந்த ஒப்பந்தங்களில், தரகு நிலையங்கள் பல தாமே சிக்கிக்கொண்டிருந்தன. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாள் சிங்கப்பூர், கோலாலம்பூர்ச் சந்தைகள் இரண்டும் மூடப்பட்டன. தரகர்கள் தரகராகவே இருந்திருப்பின் ஒரு கம்பெனியின் வீழ்ச்சி இரு நாட்டுச் சந்தைகளைப் பூட்டியிருக்குமா என்று நாம் கேட்கிறோம். 2011 அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்காவில் திவாலான எம். எப். குளோபல் என்ற தரகு நிறுவனமும், ஐரோப்பிய அரசுகளின் கடன் பத்திரங்களில் தன் கணக்கிற் பெரும் வாணிபம் செய்தே வீழ்ந்தது. தனியே வைக்கப்பட வேண்டிய வாடிக்கைக்காரர் பணத்தில் ஏறத்தாழ 160 கோடி டாலர் குறைந்திருந்தது அப்பொழுது வெளியாயிற்று. அப்பணம் சில ஆண்டுகளில் திரும்பக் கிடைத்ததெனினும், இடையில் அவர்கள் பட்ட கலக்கத்தை எவர் ஈடுசெய்வார்?

திருவள்ளுவர் வாணிகரைக் குறித்த தம் குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை; அறத்துப்பாலில், நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலவே பேண வேண்டும் என்பது அதன் கருத்து. பொருள் ஈட்டும் வழியைப் பேசும் இடத்தை விட்டு, சாயாது நிற்றலைப் பேசும் இடத்தை அவர் தேர்ந்துகொண்டது சிந்திக்கத்தக்கது.

மூன்றாமவன்

இதுகாறும் வாணிபன், தரகன், வாடிக்கைக்காரன் ஆகியோரைப் பற்றியே பேசினோம். பேரத்தில் கையெழுத்திடாத மூன்றாமவன் ஒருவன் உண்டு. ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில், இலண்டனிலும் நியூயார்க்கிலும் பேசப்பட்ட விலைகளைக் கேட்டுமறியாத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களினின்று நீக்கப்பட்டுக் கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பங்கு வாங்கியவர்களல்லர், தரகு கொடுத்தவர்களுமல்லர். விலைவீழ்ச்சிக்கு உலகப் பொருளாதாரத் தளர்ச்சியே காரணம் என்பதையும், சந்தைக்காரர் அனைவரையும் அதற்காகக் குற்றம்சாட்டுதல் நியாயமன்று என்பதையும் நாம் அறிவோம். ஆனால் ஏட்டில் எழுதும் எண்ணுக்குப் பின்னால் பால்மரத்தடியில் நிற்கும் மனிதன் ஒருவன் உண்டு என்பதை மறவாதிருக்கவேனும் இவ்வரலாறு பயன்பட வேண்டும்.

இதனினும் அண்மையதும் தெளிவானதுமான சான்று தோட்டத் துண்டாடல். 1950-ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கியபொழுது, கூட்டாகப் பணம் போட்டு அவற்றை மொத்தமாக வாங்கிச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து விற்கும் வாணிபம் தழைத்தது. வாங்கியவர்க்கு இலாபம், இடைநின்றவர்க்குத் தரகு, சட்டத்தில் பிழையில்லை. ஆனால் தலைமுறையாகப் பால்வெட்டி வந்த குடும்பங்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருங்கே இழந்தன. அதற்கு விடையாகத்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திச் சேர்த்த பணத்தில், கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. அதே சந்தையில், அதே விலைபேசும் முறையில், வேறொரு நோக்கத்தோடு செய்யப்பட்ட வாணிபம் அது! வாணிபத்தில் குற்றமில்லை, மூன்றாமவனைக் கணக்கில் சேர்க்காத வாணிபத்திலேயே குற்றம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நமது முடிவு

ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆகக்கூடிய அறிவையெல்லாம் இப்பணச் சந்தை விழுங்குகிறதே, இரண்டையும் விட்டொழித்தால் என்ன என்று கேட்பாரும் உளர். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் சந்தை இருக்கும்வரை அதில் எவராவது நின்றே தீருவர். நேர்மையுடையோர் அனைவரும் விலகிக்கொண்டால், எஞ்சியோர் கையில் நம் மக்களின் சேமிப்பு என்னாகும்? ஆதலின், விருப்பமும் திறமும் உடையோர் புகட்டும் என்றே நாம் கூறுவோம்.

எதில் புகுவது? தரகில் பணத்துக்கு அபாயம் குறைவு, வாணிபத்தில் அதிகம் என்பது ஊரார் கருத்து. குணத்துக்குள்ள அபாயத்தைப் பார்த்தால் கணக்குத் தலைகீழாகிறது என்பது நமது கருத்து. வாணிபனுக்குச் சந்தையே நீதிபதி. மறைக்கும் வழி அடைபட்டிருக்குமாயின், அவன் பிழை அன்று மாலையே எண்ணாக வந்து முன்னால் நிற்கும், ஏமாற்றிக்கொள்ள இயலாது. தரகனுக்கு அத்தகைய நீதிபதி இல்லை. அவனால் கெடுக்கப்பட்டவனுக்குத் தான் கெடுக்கப்பட்டது பல வேளைகளில் தெரிவதே இல்லை. 'என் நேரம் சரியில்லை' என்று விதியை நொந்துகொண்டு மீண்டும் அதே தரகனிடம் வருவான். விதியை நம்பும் ஒரு சமுதாயத்தில் தரகன் கெடுவது எத்துணை எளிது என்பதை எண்ணும்பொழுது நம் உள்ளம் நடுங்குகிறது.

ஆனால் அதே காரணத்தினாலேயே நல்ல தரகனால் நம் மக்களுக்கு விளையக்கூடிய நன்மையும் பெரிது. சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாதம் பத்து வீதம் வட்டி என்ற ஆசைவார்த்தைக்குச் செவிசாய்த்து நிற்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவனிடம், அவன் மொழியில், 'ஐயா, இதில் போட வேண்டா. அவ்வளவு இலாபம் நேர்மையாக வராது' என்று சொல்லி, அதனால் வரும் தரகை இழக்கத் துணிந்த ஒரு தமிழ் மகனோ மகளோ அங்கே நின்றிருப்பின், அது மேடையேறி நூறு சொற்பொழிவு செய்வதற்கு ஒப்பான சீர்திருத்தமாகும்.

ஆகவே, இக்கேள்வியோடு நிற்கும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே. சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் தவறில்லை. அதன்பின் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நேர்ந்த நஷ்டத்தை இன்று மாலையே, மேலாளர் கேட்குமுன், நீங்களே எழுதிக் காட்டும் துணிவு உங்களுக்கு உண்டா? உண்டாயின் வாணிபத்துக்குப் போங்கள். எவருடைய பணம் என்பதை மறவாதிருங்கள். பணத்தை நீட்டி நிற்பவனைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லிக் கூலியை இழக்கும் மனம் உங்களுக்கு உண்டா? உண்டாயின் தரகுக்குப் போங்கள். எவரிடம் கூலி வாங்குகிறீர்கள் என்பதை ஒளிக்காதிருங்கள். இரண்டையும் ஒரே மேசையில் செய்யச் சொல்லும் இடமாயின், சம்பளம் எவ்வளவாயினும், எழுந்து வெளியேறுங்கள்.

இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று உங்கள் உள்ளம் உண்மையாக விடை கூறுமாயின், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகில் செய்ய வேண்டிய வேலைகள் வேறு பல உண்டு. தனக்குப் பொருந்தாத தொழிலைத் தானே அறிந்து விலகும் உரிமையும், நம் முன்னோருக்குக் கிட்டாது நமக்குக் கிட்டிய உரிமைகளுள் ஒன்றேயாகும்.